"வேறு என்ன செய்வாய்?" என்று விண்ணப்பத்தில் கேட்டால்...



காலேஜ் சேர மார்க் மட்டும் போதும்னு நாம நினைக்கிறோம். இங்கே பெரும்பாலும் அது சரிதான். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்கு பிளஸ் டூ மார்க், டாக்டர் படிப்புக்கு நீட், ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. விளையாட்டு ஒதுக்கீட்டைத் தவிர, நீ கோ-கோ ஆடுவியா, கோலம் போடுவியானு யாரும் கேட்பதில்லை.

ஆனால் அசோகா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களும், அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் அதையும் கேட்கிறார்கள். அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்குனு ஒதுக்கிடாதீங்க. ஈரோடு மாவட்டம் காசிபாளையத்து விவசாயி மகள் ஒருவருக்கு 2021-இல் சிகாகோ பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. பேப்பரில் வந்த சேதிதான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்கின்றன.

அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கும் பொதுவாக 'காமன் ஆப்' என்ற விண்ணப்பம் இருக்கிறது. 1975-இல் தொடங்கியது. அதில் படிப்பு தவிர 10 விஷயங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துதான் இடம், அதுவும் இடைவெளியைச் சேர்த்து! வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தே கணக்கு. அப்போ நமக்கு இப்பவே ஆரம்பிச்சாச்சு.

எங்க பெரியம்மா மகள் ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் இந்த மாதிரிக் கட்டத்தில் கோடு போட்டுட்டா. "எழுத என்னடி இருக்கு?"ன்னா. பியானோ இல்ல, நீச்சல் இல்ல, மெடல் இல்ல. ஆனா அவங்க அம்மா விடிஞ்சதும் போடிமெட்டு ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போயிடுவாங்க. சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டது யாரு? காமன் ஆப்பில் 'குடும்பப் பொறுப்பு' என்றே ஒரு வகை இருக்கு. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் தனியா ஒரு வகை இருக்கு. ரெண்டையும் தைரியமா எழுதலாம்.

எழுதும் விதம்தான் முக்கியம். "பசுமைப் படை உறுப்பினர்" என்று மட்டும் எழுதினா ஒண்ணும் தெரியாது. "30 புங்கன் கன்று நட்டோம். 2 வருஷம் சனிக்கிழமை தோறும் தண்ணீர் ஊற்றினேன். 19 பிழைத்தன" என்று எழுதினா ஆள் தெரியும். "வீட்டு வேலை செய்தேன்" என்பதை விட "தினம் 2 மணி நேரம், வாரம் 6 நாள், நாலு பேருக்குச் சமையல்" என்பது மேல். வாரம் 12 மணி நேரம் ஆச்சே! பெரிய வார்த்தையே வேண்டாம். ஏலக்காயைச் சல்லடையில் சலிச்சுத் தரம் பிரிச்சா அதையே எழுதணும், 'ஏற்றுமதி மேலாண்மை'ன்னு இல்ல. ஆசிரியர்கிட்டயும் கடிதம் கேட்பாங்க, கூட்டி எழுதினா அங்கே மாட்டிக்குவோம். இல்லாத மெடலை எழுதவே கூடாது.

நாலு வருஷம் கழிச்சு யோசிச்சா மணிக்கணக்கு ஞாபகம் வராது. அதனால நான் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிட்டு வரேன். இதுவரை நாலு வரிதான் வந்திருக்கு. 10-ஐயும் நிரப்பணும்னு கட்டாயம் இல்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி