முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

எங்கள் குடியிருப்பில் நண்பர் ஒருவரின் மகன் பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்று வாங்கியிருக்கிறார். இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி, 1089 சி.சி. எஞ்சினின் சக்தியையும் கூட்டிவிட்டார். "மாமா, தீபாவளிக்குள் அப்பா அம்மாவை லோனாவலா அழைத்துப் போகிறேன்" என்றார். "பிரேக்குக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "அது கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது" என்றார். அந்தப் பதில்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

1994இல் கண்டாலா காட் இறக்கத்தில் எனக்கே நேர்ந்தது இது. நாலு வளைவு பிரேக் மிதித்தபடியே இறங்கினேன். ஐந்தாவதில் பெடல் தரையைத் தொட்டது. இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும் எங்களைக் காப்பாற்றின. பின் சீட்டில் மனைவியும் மகளும் இருந்தார்கள். பல வருடம் பிரேக் ஆயிலை மாற்றாதது என் குற்றம். அதே மலையில் கர்ஜத்துக்கும் லோனாவலாவுக்கும் இடையே ரயில் பாதை 37 அடிக்கு ஓர் அடி சரிகிறது. கட்டுமீறி வரும் வண்டியைத் திருப்பி நிறுத்த அங்கே மேடேறும் தனித் தண்டவாளங்கள் உண்டு. சாலையில் அந்த வசதியை நம்பி இறங்கக் கூடாது.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் பிறக்கும் வெப்பம், சுமார் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். வேகம் 60இலிருந்து 85 ஆனால் வெப்பம் இரண்டு மடங்கு. எஞ்சினைக் கூட்டியவர் பிரேக்கின் சுமையையும் கூட்டிவிட்டார் என்பதே கணக்கு.

டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே போகிறது. டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கிறது, காற்றும் நன்றாகப் படுகிறது. ரயில்வேயிலும் எல்.எச்.பி. பெட்டிகளில் அச்சிலேயே டிஸ்க் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன் செலவு குறைந்த வேலைகளை முடியுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறியபின் 140தான். டாட் 4 என்றால் 230, 155. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகும். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடித்த ரப்பர் ஹோஸ்களையும் கசியும் வீல் சிலிண்டர்களையும் மாற்றுங்கள். பழைய கார்கள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஓரிடத்தில் உடைந்தால் முழு பிரேக்கும் போகும். இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவது உயிர்காக்கும் செலவு.

அதன்பின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடலாம். டிரம்மில் ஒரு ஷூ சக்கரச் சுழற்சியால் தானே இறுகிக்கொள்ளும். டிஸ்க்கில் அது கிடையாது. ஆகவே கால் பலத்துக்குத் துணையாகப் பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், பைப்பில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். அதை நீக்காவிட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும்.

சஸ்பென்ஷன் சொகுசுக்கு மட்டும் அல்ல. டயர் ரோட்டை விட்டுத் துள்ளினால் எந்த பிரேக்கும் பிடிக்காது. பத்மினியில் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். முதலில் தேய்ந்த புஷ்களையும், பிறகு ஷாக் அப்சார்பர்களை ஜோடியாகவும் மாற்றுங்கள். காரைத் தாழ்த்துவதற்காகச் சுருளை வெட்டவே வேண்டாம். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் கெட்டிப்படும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

இன்னொன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, காரின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டிஸ்க் மாற்றத்துக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெறுங்கள், இன்ஷூரன்ஸ்காரருக்கும் தெரிவியுங்கள். ஆயில், ஹோஸ், புஷ் போன்றவற்றைப் புதுப்பிப்பது வெறும் பராமரிப்புதான்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத நேரான ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் திரும்பவும் மெக்கானிக்கிடம் போங்கள். காட் இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

நண்பரின் மகன் லோனாவலா பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். போன ஞாயிறு இருவரும் சேர்ந்து பழைய ஆயிலை வடித்தோம். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு துளி விடாமல் வடித்தார்.