நிறப்பிரிகைச் சோதனையும் பிழை நீக்கமும்

மருத்துவர் மருந்தை எழுதுவதற்கு முன்னரே ஆய்வுக்கூடம் ஓர் எண்ணை எழுதிவிடுகிறது. அவ்வெண் பிழைபடுமாயின் மருந்தும் பிழைபடும். நீரிழிவு நோயாளர்க்குச் செய்யப்பெறும் எச்.பி.ஏ.1.சி. சோதனையைச் சான்றாகக் கொண்டு, நிறப்பிரிகைச் சோதனையில் பிழை நேரும் இடங்களையும், அவற்றைக் கண்டறியும் நெறியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறப்பிரிகை என்பது குரோமட்டோகிராபியின் தமிழ்ப் பெயர். உருசியத் தாவரவியல் அறிஞர் மிகயீல் சுவெத், சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழலில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சை, மஞ்சள் நிறமிகளைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். 1906ஆம் ஆண்டில் இம்முறைக்குப் பெயரிட்டவரும் அவரே. பின்னர் இம்முறை குருதியையும் பிரிக்கத் தொடங்கிற்று. நீரிழிவு நோயாளரின் ஈமோகுளோபினில் காணப்படும் வேறுபாட்டை 1960களின் இறுதியில் ஈரானிய அறிஞர் சாமுவேல் ரகுபர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு அதுவே வித்தாயிற்று.

குருதியிலுள்ள சர்க்கரை ஈமோகுளோபினுடன் மெல்ல மெல்லப் பிணைகிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்களாதலின், இப்பிணைப்பின் அளவு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும். சர்க்கரை பிணைந்த ஈமோகுளோபினுக்கு நேர்மின்னூட்டம் குறைவு. எனவே அயனிப் பரிமாற்றப் பிசின் அடைத்த குழலில் அது இறுகப் பற்றாமல் முதலில் வெளியேறும். ஏனையது பின்னர் வெளியேறும். முதற்பகுதி மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதே விடை. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும் அளவாக 2011ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

உணவில் கட்டுப்பாடு காத்துவரும் முதியவர் ஒருவர்க்கு 11 விழுக்காடு என விடை வருவதாகக் கொள்வோம். உண்மை அளவு 7 ஆக இருந்து, பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து அவர் உணர்விழக்கவும் கூடும். பத்தியத்தை மீறினார் என்ற பழிச்சொல்லும் அவர்மீது விழும். ஆகவே நோயாளியை ஐயுறுமுன் சோதனையை ஐயுறுதல் வேண்டும்.

முதற்கண் கேட்க வேண்டிய வினா ஒன்றே: அளவு முன்னரே அறியப்பட்ட கட்டுப்பாட்டு மாதிரியும் பிழையான விடை தந்ததா?

தந்ததாயின் குற்றம் சோதனை முறையில் உள்ளது. ஆய்வறையின் வெப்பநிலை உயர்ந்தால் ஈமோகுளோபின் பிசினிலிருந்து எளிதில் கழன்று விடை பொய்யாக உயரும், குளிர்ந்தால் தாழும். தாங்கல் கரைசலின் பிஎச் அளவு உயர்ந்தாலும் விடை உயரும். மாதிரியை அளவுக்கு மீறி ஊற்றினால் பிசின் தாங்காது. பிணையாத ஈமோகுளோபினும் முதற்பகுதியில் கலந்துவிடும். பிசின் உலர்ந்து வெடித்திருந்தாலோ, காற்றுக்குமிழி புகுந்திருந்தாலோ நீர்மம் சீராக இறங்காது. அத்தகைய குழலை விலக்குவதே முறை. சிறுகுழல்களின் இடத்தை இன்று பெரும்பாலும் தானியங்கிக் கருவிகள் பெற்றுவிட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. அவற்றில் அழுத்தம் ஏறினால் வடிகட்டியின் அடைப்பையும், பகுதிகள் வெளிவரும் நேரம் பிறழ்ந்தால் வெப்பநிலை, கரைசல், குழலின் மூப்பு ஆகியவற்றையும் நோக்குதல் வேண்டும்.

கட்டுப்பாட்டு மாதிரி சரியாக இருந்து, ஒருவரின் விடை மட்டும் பொருந்தவில்லையெனின், அவருடைய குருதியை நோக்குக. கருநிலை ஈமோகுளோபின் மிகுந்திருப்பின் பழைய சிறுகுழல்களில் அது முதற்பகுதியோடு கலந்து விடையை உயர்த்தும். அரிவாளணு ஈமோகுளோபின் பிசினில் இறுகப் பற்றி விடையைத் தாழ்த்தும். சிறுநீரகச் செயலிழப்பில் யூரியாவினால் மாற்றமுற்ற ஈமோகுளோபினும் சில முறைகளில் விடையை உயர்த்தும். சிவப்பணுக்கள் விரைந்து அழியும் சோகையிலோ, குழலில் எக்குற்றமும் இல்லாதபோதும், எண் தாழ்ந்தே நிற்கும். இத்தகையோர்க்கு மின்னூட்டத்தைச் சாராத போரோனேட் முறையோ, பிரக்டோசமின் சோதனையோ துணை செய்யும். சிவப்பணு விரைந்து அழிவோர்க்குப் பின்னதே ஏற்றது.

பிழை தேடுங்கால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். கரைசலையும் குழலையும் ஒருங்கே மாற்றினால் பிழை மறையலாம். அதன் காரணமும் உடன் மறையும். மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி, கட்டுப்பாட்டு மாதிரியை மீண்டும் செலுத்தி, அது சரியான பின்னரே நோயாளியின் மாதிரியைச் சோதித்தல் வேண்டும். அதுவரை விடையை நிறுத்தி வைப்பது காலத்தாழ்வு ஆகாது, கடமையே ஆகும். தாளில் அது ஓர் எண். அதனை வாங்கிச் செல்பவர்க்கு அஃது உயிர்.