தேடத் தெரியுமா உங்களுக்கு?

கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நின்று 'குமாரு!' என்று கூப்பிட்டுப் பாருங்கள். இருபது பேர் திரும்புவார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான். லட்சக்கணக்கில் ஆவணங்கள் உள்ள களஞ்சியத்தில் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியதோ மூணு, நாலு. மீதியைப் படித்து முடிப்பதற்குள் ரிடையர்மென்ட் வந்துவிடும்!

இதற்கு மருந்து கொடுத்த புண்ணியவான் ஜார்ஜ் பூல். 1815-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். காலேஜில் படிக்காமலே 1849-ல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆனார். 1854-ல், மனுஷன் யோசிக்கிற விதத்தையே அல்ஜீப்ராவாக்கிப் புத்தகம் போட்டார். (இவர் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள்!) அந்த அல்ஜீப்ராவின் வாரிசுகள்தான் ஆண்ட், ஆர், நாட் என்கிற மூன்று சின்ன வார்த்தைகள்.

சின்னதுதான், ஆனால் வில்லங்கம். ஓட்டலில் 'இட்லியும் வடையும்' என்றால் தட்டு நிறையும். கம்ப்யூட்டரிடம் 'இட்லி ஆண்ட் வடை' என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கிற தட்டை மட்டும் காட்டும். ஆக, ஆண்ட் குறைக்கும், ஆர் கூட்டும்.

இப்போது நிஜப் பிரச்னைக்கு வருவோம். வீட்டைக் காலி செய்தாயிற்று. ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டேன் என்கிறார். இந்தியன் கானூன் மாதிரி தளங்களில் கோர்ட் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என்ன தட்டுவீர்கள்?

'செக்யூரிட்டி டெபாசிட்' என்று சும்மா அடித்தால், முதல் பக்கத்தில் செக்யூரிட்டி கார்டும் பத்தாம் பக்கத்தில் பிக்சட் டெபாசிட்டும் வருகிற கொலை வழக்குகூட வந்து நிற்கலாம். இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டு வார்த்தையும் ஒட்டினாற்போல வரும் ஆவணம் மட்டும் கிடைக்கும்.

அடுத்து, குடியிருப்பவரை ஒரு ஜட்ஜ் 'டெனன்ட்' என்பார், இன்னொருவர் 'லெஸ்ஸி' என்பார். எனவே, (டெனன்ட் ஆர் லெஸ்ஸி) ஆண்ட் "செக்யூரிட்டி டெபாசிட்". அந்த அடைப்புக்குறி ரொம்ப முக்கியம் சார்! அதை விட்டால், பல இடங்களில் ஆண்ட்தான் முதலில் வேலை செய்யும். டெபாசிட் வாசனையே இல்லாத 'டெனன்ட்' தீர்ப்பெல்லாம் படையெடுத்து வரும்.

நாட் விஷயத்தில் ஜாக்கிரதை. கடை வழக்குகள் வேண்டாமென்று 'நாட் கமர்ஷியல்' போட்டால், 'இது கமர்ஷியல் இடமல்ல, வீடு' என்று உங்களுக்குச் சாதகமாக எழுதிய தீர்ப்பும் சேர்ந்து போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் பிளேர், மேரன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய வழக்கின் தேடலைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். சுமார் 40,000 ஆவணங்கள். தேவையானதில் 75 சதவீதமாவது கைக்கு வந்துவிட்டதென்று வக்கீல்கள் திருப்தியாக இருந்தார்கள். வராத குவியலிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, உண்மையில் வந்தது சராசரியாக 20 சதவீதம்தான்! காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு தரப்பு 'விபத்து' என்று எழுதியதை, மாட்டிக்கொண்ட தரப்பு 'சம்பவம்', 'நிலைமை' என்று பூசி மெழுகி எழுதியிருந்தது.

கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் பார்க்கும்; அர்த்தம் நம் பொறுப்பு. எனவே தட்டுவதற்கு முன் ஒரு பேப்பரில், இதே விஷயத்தை ஓனர் எப்படிச் சொல்வார், வக்கீல் எப்படிச் சொல்வார், ஜட்ஜ் எப்படி எழுதுவார் என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஆர் போடுங்கள். குறியீடுகள் இடத்துக்கு இடம் மாறும். 'ஹெல்ப்' பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஒன்றுமே வரவில்லையா? 'தீர்ப்பே கிடையாது போல' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வேறு வார்த்தை போட்டு இன்னொரு தரம் தேடுங்கள். போகப்போவது உங்க அட்வான்ஸ், சார்!