சுழற்சியில் பிறந்த அலை
அலைகளின் கதை – 9

சென்ற வாரம் பார்த்த தீப்பொறி டிரான்ஸ்மிட்டர்களில் ஒரு பெரிய குறை. பொறியிலிருந்து கிளம்பும் அலை பல அதிர்வெண்களில் சிதறிப்போகும். கடல் கடந்து தெளிவாகத் தந்தி போக வேண்டுமானால், அறுபடாத ஒரே சீரான அலை வேண்டும். ஸ்வீடனில் பிறந்து, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் அதை ஓர் இயந்திரத்தைச் சுழற்றியே உண்டாக்கினார். அவருடைய மாபெரும் ஆல்டர்னேட்டர்களில் இன்றும் ஓடும் நிலையில் இருப்பது ஒன்றுதான். அது ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெர்க் ஊருக்குப் பக்கத்தில், கிரிமெட்டோன் நிலையத்தில் இருக்கிறது.

முதல் உலகப் போரின்போது கடலடித் தந்திக் கம்பிகள் அந்நியர் கையில் இருந்தது ஸ்வீடனை உறுத்தியது. லட்சக்கணக்கான ஸ்வீடன் மக்கள் அமெரிக்காவில் குடியேறியும் இருந்தார்கள். நியூயார்க்கோடு நேரடியாகப் பேச நாட்டுக்கே சொந்தமாக ஒரு வழி தேவைப்பட்டது. 1925 ஜூலை 2 அன்று மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் நிலையத்தைத் திறந்துவைத்தார், அலெக்சாண்டர்சனும் வந்திருந்தார்.

இயந்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அதன் உயிர், 1.6 மீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுத் தட்டு. விளிம்பைச் சுற்றி 488 பள்ளங்கள். காற்று உராய்வு குறைய, காந்தம் பற்றாத உலோகத்தால் அவற்றை நிரப்பியிருக்கிறார்கள். தட்டில் கம்பிச் சுற்று எதுவும் கிடையாது. பக்கங்களில் உள்ள நிலையான சுருள்களுக்கு நடுவே, மயிரிழை இடைவெளியில், நிமிடத்துக்கு சுமார் 2,115 முறை சுழல்கிறது. எஃகும் பள்ளமும் மாறி மாறிக் கடக்கக் கடக்க, காந்தப்புலம் கூடிக் குறைந்து சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. சுழற்சியைப் பள்ளங்களின் எண்ணிக்கையால் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 17,200 அதிர்வுகள். ஒலிபரப்பும் அதிர்வெண் அதுவேதான், 17.2 கிலோஹெர்ட்ஸ். வேகம் துளி பிசகினாலும் அலை இடம் மாறிவிடும். மோர்ஸ் சாவியை அழுத்தும்போதெல்லாம் சுமை ஏறும், விட்டால் இறங்கும். அந்த அலைக்கழிப்பிலும் தட்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இதைச் சாதித்துக் காட்டியதைத்தான் இந்த இயந்திரத்தின் மிகப் பெரிய வெற்றி என்பேன்.

அலைநீளமோ 17 கிலோமீட்டருக்கு மேல். அதற்காகத்தான் 127 மீட்டர் உயரத்தில் ஆறு கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் சுமார் 2.2 கிலோமீட்டருக்கு ஆன்டெனாக் கம்பிகள் ஓடுகின்றன.

சில ஆண்டுகளுக்குள் சிற்றலை வந்து, சிறிய ஆன்டெனாவிலும் குறைந்த செலவிலும் அதே வேலையைச் செய்தது. மற்ற நிலையங்களின் ஆல்டர்னேட்டர்கள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. கிரிமெட்டோனைக் காப்பாற்றியது கடல். இவ்வளவு நீண்ட அலை கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் இறங்கும் என்பதால், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப ஸ்வீடன் கடற்படைக்கு அது தேவைப்பட்டது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால் இது வெறும் இரும்பு. தன்னார்வலர்கள் அந்தக் கைப்பழக்கத்தை அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். ஜூலை 2ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலும் தட்டைச் சுழலவிட்டு, எஸ்.ஏ.கியூ. என்ற பழைய அழைப்புக் குறியோடு மோர்ஸில் ஒலிபரப்புவது வழக்கம். அதிர்வெண் இவ்வளவு தாழ்வாக இருப்பதால், நீளமான கம்பி ஒன்றைக் கணினியின் சவுண்ட் கார்டில் இணைத்து, உரிய மென்பொருளை ஓடவிட்டே ஐரோப்பாவில் பலர் அதைப் பிடித்துவிடுகிறார்கள்.