‘பீவர்’ என்னும் சொல்லும் காய்ச்சலும்

ஆங்கில மருத்துவச் சொற்களுள் நம் வீட்டு முற்றம் வரை வந்து பழகிவிட்டவற்றுள் ‘பீவர்’ என்பதும் ஒன்று. அதற்கு நேரான தமிழ்ச் சொல் யாதெனச் சிறு பிள்ளையை வினவினும் ‘காய்ச்சல்’ என்னும் விடையே கிடைக்கும். அகராதிகளும் அவ்வாறே உரைக்கும். எனினும், இரு மொழிச் சொற்கள் ஒரு பொருளைச் சுட்டுகின்றன என்பதனால் அவற்றின் எல்லைகளும் ஒன்றாகிவிடுவதில்லை. ‘பீவர்’ என்பது உடல் வெப்பமாகிய குறியையும், அக்குறியோடு கூடிய நோயையும், மனத்தின் கொதிநிலையையும் சுட்டும் சொல்லாகும். இப்பொருள்கள் தமிழ் வழக்கோடு எங்கே ஒத்தும் எங்கே வேறுபட்டும் நிற்கின்றன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சி சொல் நயம் பற்றியது மாத்திரமன்று. உயிரோடு தொடர்புடைய செய்தியொன்றும் இதன்கண் உண்டு.

சொல்லின் வரலாறு

‘பீவர்’ என்பது ‘பெப்ரிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமர் பெப்ரிசைத் தெய்வமாகவும் வழிபட்டனர்; உரோமாபுரியின் பலற்றைன் குன்றில் அத்தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. கொப்புள நோயை ‘அம்மாள் வருத்தம்’ எனக் கூறும் நம்மவர்க்கு இது வியப்பளிக்கக் கூடியதன்று. கிரேக்கர் காய்ச்சலைத் தீயைக் குறிக்கும் ‘பைர்’ என்னும் சொல்லின் அடியாக வழங்கினர். அவ்வடியிலிருந்தே ‘பைரெக்சியா’ முதலிய மருத்துவர் வழக்குகள் ஆங்கிலத்திற் பிறந்தன. ஆகவே, அம்மொழியில் நோயாளியின் சொல் இலத்தீன் வழியினதாகவும், மருத்துவர் சொல் கிரேக்க வழியினதாகவும் அமைந்தன.

குறியும் நோயும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவத்திற் காய்ச்சல் என்பது தனியொரு நோய் வகுப்பு. எடின்பரோவில் மருத்துவம் கற்பித்த வில்லியம் கலன் 1769ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில் முதல் வகுப்பாகக் காய்ச்சல்களையே வைத்தார். இந்நோக்கை மாற்றியது வெப்பமானியாகும். 1866ஆம் ஆண்டளவில் தோமஸ் கிளிபோர்ட் ஓல்பற் என்னும் ஆங்கில மருத்துவர் ஏறத்தாழ ஆறு அங்குல நீளமான, ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் வெப்பமானியை அமைத்தார். 1868ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துக் கார்ல் வுண்டர்லிச் பல்லாயிரம் நோயாளரிடம் எடுத்த அளவுகளை ஆராய்ந்து வெளியிட்ட நூல், 37 பாகை செல்சியசு என்னும் எண்ணை உலகறியச் செய்தது. காய்ச்சல் நோயன்று, நோயின் குறியே என்னும் கொள்கையும் அவராலே வலுப்பெற்றது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வொன்று சராசரி 36.8 பாகையே எனக் கண்டது. எனினும், எண் திருந்தியதேயன்றிக் கொள்கை மாறவில்லை.

கொள்கை மாறிய பின்னரும் பெயர்கள் மாறவில்லை. மஞ்சட் காய்ச்சல், வாதக் காய்ச்சல் முதலிய நோய்ப் பெயர்களிற் ‘பீவர்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ‘ஹே பீவர்’ என்பதோ மகரந்த ஒவ்வாமையால் எழும் தும்மலும் மூக்கொழுகலுமே. அதிலே காய்ச்சல் இல்லை. அதற்கு உலர்புல்லும் காரணமன்று. தமிழ் வழக்கும் இவ்வழியே சென்றது. ஈழத்து வழக்கில் ‘நெருப்புக் காய்ச்சல்’ என்பது தைபொயிட்டையும், ‘எலிக் காய்ச்சல்’ என்பது லெப்ரொஸ்பைரோசிசு என்னும் நோயையும் குறிக்கும். குறியின் பெயரே நோயின் பெயராக நிற்பது இரு மொழிக்கும் பொதுவாயிற்று.

‘ரெம்பரேச்சர்’ என்னும் துணைச்சொல்

ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒருவருக்கு ‘ரெம்பரேச்சர்’ இருக்கின்றது எனின், காய்ச்சல் இருக்கின்றது என்பதே பொருள். வெப்பநிலை இல்லாத உடல் யாதும் இல்லையாதலின் இவ்வழக்கு தருக்கத்துக்கு ஒவ்வாது, எனினும் நிலைபெற்றுவிட்டது. அளவாகக் கலத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையே இச்சொல்லின் அடியாகும். உடலில் வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி ஆகியன கலந்திருக்கும் பாங்கையே அது முன்னர் குறித்தது. வெப்பமானி வந்தபின் அப்பொருள் மங்கி, எண்ணே எஞ்சியது.

நம் முதியோர் ‘உடம்பிற் சூடு’ என்றும், ஓர் உணவைச் ‘சூடு’ என்றும், மற்றொன்றைக் ‘குளிர்’ என்றும் கூறுகையில் அப்பழைய பொருளை ஒத்த கருத்தையே பேசுகின்றனர். அது வாத பித்த சிலேத்துமங்களின் சமநிலை பற்றிய பேச்சேயன்றி, வெப்பமானி காட்டும் அளவு பற்றியதன்று. ‘உட்காய்ச்சல்’ என்று முறையிடும் நோயாளியிடம் 37 பாகையைக் காட்டிக் காய்ச்சல் இல்லையென மருத்துவர் மறுக்கும்போது, இருவரும் உண்மையே பேசுகின்றனர். சொல் மட்டுமே வேறுபடுகின்றது.

காய்தலும் காய்ச்சலும்

தமிழ்ச் சொல்லின் பரப்பு இன்னும் அகன்றது. ‘காய்’ என்னும் வினை சுடுதலையும் உலர்தலையும் ஒருங்கே உணர்த்தும். வெயில் காயும், நிலவும் காயும், குளிர்ந்தவன் நெருப்பருகே குளிர் காய்வான், நெல் முற்றத்திற் காயும். காய்ச்சலுற்றவனின் வறண்ட நாவும் சுடுமேனியும் இவ்வொரு வினைக்குள் அடங்கிவிடுகின்றன. உருவக வழக்கிலோ இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலத்திற் ‘பீவர்’ ஆர்வ வெறியைக் குறிக்கும். 1849ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவை நோக்கி மக்களை ஓடச்செய்த பொன்னாசை அத்தகையது. தமிழிலோ ‘அவனுக்கு என்மேற் காய்ச்சல்’ எனின் பொறாமையும் சினமுமே பொருள். ‘தேர்தற் காய்ச்சல்’ எனப் பத்திரிகைகள் எழுதுவது ஆங்கிலப் பொருளுக்குத் தமிழ்ச் சட்டை அணிவித்ததாகும்.

பெயரால் விளையும் ஏதம்

1847 முதல் 1873 வரையான காலத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, யாழ்ப்பாணத்திற் பணியாற்றினார். மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்ப்பித்த அவர் பணி நம் கலைச்சொல் முயற்சிக்கு அடிகோலியது. அம்முயற்சியின் தேவை இன்றும் குறைந்திலது என்பதற்கு டெங்கே சான்று. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

‘டெங்குக் காய்ச்சல்’ என்னும் பெயரைக் கேட்பவர், காய்ச்சல் விட்டதும் டெங்கும் விட்டது எனக் கருதுவது இயல்பே. உண்மை இதற்கு மாறானது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையிலேயே, சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களே அவர்க்கு ஆபத்து மிக்கவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குருதிப்போக்கு, மிகுந்த சோர்வு ஆகியன அப்போது தோன்றின், மேனி குளிர்ந்திருப்பினும் உடனே வைத்தியசாலையை நாடல் வேண்டும். குறி நீங்கிற்று, நோய் நீங்கவில்லை. குறிக்கும் நோய்க்கும் ஒரே பெயரிட்டமையால் இவ்வேறுபாடு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது.

ஆதலின், காய்ச்சல் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லைக் கைவிடவேண்டும் என்பது எமது கருத்தன்று. பாடநூல்களிலும் சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களிலும் குறியைக் ‘காய்ச்சல்’ என்றும், நோயை ‘டெங்கு நோய்’ என்றும் பிரித்து எழுதுதல் தகும். பல நோய்களில் தணிவு தேறுதலைக் காட்டுவது உண்மையே. டெங்கிலோ அது விழித்திருக்க வேண்டிய வேளையின் தொடக்கமுமாகும். நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் தாய்க்கு இவ்வேறுபாடு தமிழிலேயே விளங்குமாயின், கலைச்சொல்லாக்கம் தன் பயனை அடைந்ததாகும்.