தூக்க வியாதி: மருந்தும் தூங்கியது

பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தலை சாய்கிறது. இரவிலோ பொட்டுத் தூக்கம் இல்லை. குணம் மாறுகிறது, பேச்சு குழறுகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் கோமா, பிறகு மரணம். ஆப்பிரிக்கக் கிராமங்களை நூறாண்டுக்கு மேலாக மிரட்டிவரும் தூக்க வியாதி இது.

காரணம், டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணி. செட்சி ஈ கடிக்கும்போது ரத்தத்தில் இறங்குகிறது. முதலில் வெறும் காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் காணப்படும் வகை மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் பதுங்கியிருந்து மூளைக்குள் நுழைகிறது. அதன்பின் பகல் இரவாகிறது, இரவு பகலாகிறது.

வியாதியைவிட வைத்தியம் கொடுமை. பல ஆண்டுகளாகப் போடப்பட்ட மெலார்சோப்ரால் ஊசி, ஆர்செனிக் சேர்ந்தது. ஏறும்போதே நரம்பு எரியும். போட்டுக்கொண்டவர்களில் சுமார் இருபதில் ஒருவர் அந்த மருந்தாலேயே இறந்தார்.

இதைவிடப் பாதுகாப்பான எஃப்ளார்னிதின் 1990ல் அங்கீகாரம் பெற்றது. ஆனால் காசில்லாதவர்களின் நோய்க்கு மருந்து தயாரித்து என்ன லாபம்? 1990களின் மத்தியில் உற்பத்தி நின்றது. 2000ல் அதே ரசாயனம், பெண்களின் முகத்தில் முளைக்கும் தேவையற்ற முடியைக் குறைக்கும் க்ரீமாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அழகுக்கு உண்டு, உயிருக்கு இல்லையா என்ற கேள்வி வலுத்தது. 2001ல் ஊசி மருந்து திரும்பி வந்தது.

ஃபெக்சினிடசோல் கதையும் இதேதான். 1980களில் கிடப்பில் போடப்பட்ட அதை 2005ல் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று தூசு தட்டி எடுத்தது. 2018ல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதல் கிடைத்தது. ஊசி வேண்டாம், பத்து நாள் மாத்திரை போதும்.

பலன் தெரிகிறது. 1998ல் பதிவானவர்கள் கிட்டத்தட்ட 40,000 பேர். 2018ல் ஆயிரத்துக்கும் கீழே. சாட் 2024லும் கினி 2025லும் இந்நோயை வென்ற நாடுகளின் பட்டியலில் சேர்ந்தன. 2030க்குள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வகையின் பரவலை அடியோடு நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

ஆபத்தும் இங்கேதான். 1960களிலும் எண்ணிக்கை 5,000க்குக் கீழே இறங்கியது. இனி கவலையில்லை என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். உள்நாட்டுப் போர்களும் சேர்ந்துகொள்ள, நோய் மீண்டும் தலைதூக்கியது. நோயாளிகள் குறையக் குறைய, மிஞ்சிய ஒருவரைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். பணம் கொடுப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டுவதும் அப்போதுதான். கடைசி நோயாளி குணமாகும்வரை மற்றவர்கள் கண்ணயரக் கூடாது.