ஏரியை வரைபடத்தில் ஏற்றும் ஜிபிஎஸ்

ஓர் இடத்தையும் அந்த இடத்தைப் பற்றிய விவரங்களையும் சேர்த்தே வைத்திருக்கும் கணினி வரைபடம் ஜிஐஎஸ். அதற்கு வேண்டிய அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் களத்திலேயே எடுத்துத் தருவது ஜிபிஎஸ் கருவி.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நேரம் குறித்த ரேடியோ அலைகளை ஓயாமல் அனுப்புகின்றன. அலை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. கருவியின் கடிகாரம், செயற்கைக்கோளில் இருப்பதுபோல் அணுக்கடிகாரம் அல்ல. அதன் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. ஜிபிஎஸ்ஸை இயக்கும் அமெரிக்கா, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியது. அதன்பிறகே சாதாரணக் கைக்கருவி சில மீட்டர் துல்லியத்தைத் தொட்டது.

ஓர் ஏரியை அளப்பதாகக் கொள்வோம். மதகு ஒரு புள்ளி. கால்வாய் ஒரு கோடு. நீர்ப்பரப்பு, கரையோரமாக நடந்து மூடும் ஒரு பலகோணம். மதகருகே நிற்பவர் இடத்தைப் பதிவதோடு, கதவு இறங்குகிறதா, கல் பெயர்ந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். இந்த விவரம் இல்லாத புள்ளியால் ஏரிக்கு ஒரு பயனும் இல்லை.

பிழைகள் பல வழிகளில் நுழையும். அடர்ந்த மரநிழல் அலையை மங்கவைக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை தூரத்தைக் கூட்டிக் காட்டும். இடம் தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு கருவியை நிறுத்தி, உடனுக்குடன் திருத்தம் பெறும் ஆர்டிகே முறையில் துல்லியம் ஓரிரு சென்டிமீட்டருக்கு வந்துவிடும். வரைபட அடிப்படையும், அதாவது பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொள்ளும் கணித மாதிரியும், பொருந்த வேண்டும். ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84. இந்தியாவின் பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறோர் அடிப்படையில் அமைந்தவை. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் தமிழ்நாட்டில் மதகு நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழலாம்.

உயரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஜிபிஎஸ் அளப்பது, பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்ட கணித உயரம். ஆனால் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்திருப்பதால், அங்கே கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்தத் தாழ்வு தமிழ்நாட்டுக் கரையையும் எட்டுவதால், திருத்தாத உயரத்தைக் காட்டும் கருவி கடற்கரையில் பல பத்து மீட்டர் எதிர்க்குறியில் நிற்கும். தண்ணீர் ஓடுவதோ கடல்மட்டத்தை ஒட்டிய உயரத்தின்படி. ஆகவே உபரிநீர் வழியும் கலங்கலின் மட்டத்தை ஜிஐஎஸ்-இல் ஏற்றுமுன் நீள்கோளத்துக்கும் கடல்மட்டப் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யும் ஜியாய்டு திருத்தத்தைச் சேர்த்து, அருகிலுள்ள அளவைக் கல்லின் உயரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.